டோக்கியோவில் பாய்ந்த யாழ்ப்பாணத்து மாணவன்



போன கிழமை இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த கையோடு ஒரு தகப்பன் வந்தார். மகள் உயரம் பாய்தலில் முதலாமிடம். சந்தோசமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "சேர், அடுத்த வருசம் ஓ.எல். இனிப் பிள்ளையை மைதானத்துக்கு விடாதேங்கோ" என்றார்.

அவரோடு நான் வாதாடவில்லை. ஒரு மனிதரின் கதையைத்தான் சொன்னேன். அதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் போனார்.

அந்தக் காலத்தில் பஞ்சு மெத்தை கிடையாது. தடியைத் தாண்டினால் மணலிலோ மரத்தூளிலோதான் விழவேண்டும். இன்று எல்லாரும் முதுகைக் காட்டிப் பாய்கிறார்களே, அந்த முறை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் பிரபலமானது. அதற்கு முன் மணலில் அப்படி விழுந்தால் கழுத்து மிஞ்சாது. நமது தீவுப் பாடசாலைகளில் மணல் குழியில் பாயும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள்.

அப்போது யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் இல்லை. திருநெல்வேலியில் வளாகம் வந்தது 1974இல். நாட்டில் இருந்தது இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே மாணவர் வாழ்க்கையில் மைதானமும் வகுப்பறையும் இரண்டு கட்சி அல்ல. அவர் படித்த காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் ரேஃபர் ஜோன்சன் என்ற கறுப்பின இளைஞர் மாணவர் சங்கத் தலைவராக இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பத்து அம்சப் போட்டியில் தங்கம் வென்றவரும் அவரேதான்.

1958 மே மாதம் டோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்தார். நம் கணக்கில் ஆறடி எட்டங்குலம். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

இந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கும். அந்தப் போட்டி மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தது. இங்கே மே 22இல் ரயிலில் வந்த தமிழரை அடிக்கத் தொடங்கி, கலவரம் நாடெங்கும் பரவி, 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்தார்கள். கொழும்பில் அகதியான தமிழர்களைக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். அதே நாட்களில் டோக்கியோவில் ஒரு தமிழ் இளைஞன் பாய்ந்ததற்காக இலங்கைக் கொடி ஏறுகிறது. 1990 ஒக்டோபரில் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணத்தை விட்டுப் போன குடும்பத்தில் வந்தவன் நான். சொந்த ஊரே ஒருவனை வேண்டாம் என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அவர் பாய்வதை நிறுத்தவில்லை. 1962 ஜகார்த்தாவில் அதே நாட்டுக்காக வெள்ளி வென்றார். படிப்பையும் விடவில்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சியரா லியோனிலும் பப்புவா நியூகினியிலும் பணியாற்றினார். 2024 ஏப்ரலில் காலமானார்.

தகப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது பெரிய ஆக்களின்ர கதை சேர். நாங்கள் நயினாதீவில இருக்கிறம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். ரியூசனுக்கே பிள்ளையின் பாதிப் பொழுது போய்விடுகிறது. கடைசியில் கிழமைக்கு இரண்டு நாள், பாடசாலை விட்டு ஒரு மணித்தியாலம் என்று பேசி முடித்தோம். செவ்வாயும் வியாழனும்.

மணல் குழியைத் தோண்டிக் கல்லுப் பொறுக்க வேண்டும். பழைய மாணவர்கள் யாராவது வரும் செவ்வாய்க்கு முன் மண்வெட்டியோடு வந்தால் உதவியாக இருக்கும். 1958இல் இந்தத் தங்கச் செய்தியைக் கேட்ட ஞாபகமுள்ள மூத்தவர்கள் ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ இருந்தால், பேரப்பிள்ளைகளிடம் சொல்லியாவது எனக்கு எழுதச் செய்யுங்கள்.