எந்த ரவை, எத்தனை மில்லிமீற்றர்? தீவகத்தில் கைத்துப்பாக்கி பற்றி எழும் கேள்விகள்

2023 ஏப்ரல் 22ஆம் திகதி நெடுந்தீவில் ஒரு வீட்டில் முதியவர்கள் ஐவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, தீவகத்தில் தனித்திருக்கும் தாய் தகப்பனை நினைத்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பயப்படுவது கூடிவிட்டது. "அப்பாவிடம் ஒரு பிஸ்டல் இருந்தால் என்ன? எந்த அளவு நல்லது?" என்று கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் சேர்ந்த பிள்ளைகளும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

கலிபர் என்பது குழலின் உள்விட்டம். ஏறத்தாழ ரவையின் விட்டமும் அதுதான். மில்லிமீற்றரிலும் சொல்வார்கள், அங்குலத்திலும் சொல்வார்கள். .22 என்றால் 5.6 மில்லிமீற்றர். பெயரை அப்படியே நம்பவும் முடியாது. .38 ஸ்பெஷல் என்ற றிவோல்வர் ரவையின் உண்மையான விட்டம் .357 அங்குலம், அதாவது 9 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 9×19 என்பதில் இரண்டாவது எண் கோதின் நீளம். ஏகே-47 ரவை 7.62×39. விட்டம் சிறியது, ஆனால் கோது இரு மடங்கு நீளம், வேகமும் அப்படியே. விட்டத்தை மட்டும் வைத்து வலுவைக் கணக்கிட முடியாது.

தற்காப்புக்கு எது என்ற வாதம் அமெரிக்காவில் பல காலம் நடந்தது. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. உத்தியோகத்தர் இருவர் கொல்லப்பட்டனர். 9 மில்லிமீற்றர் ரவை போதிய ஆழம் போகவில்லை என்று முடிவு செய்து, அந்த நிறுவனம் 10 மில்லிமீற்றருக்கும் பிறகு .40க்கும் மாறியது. சுமார் முப்பது வருடம் கழித்துத் திரும்ப 9 மில்லிமீற்றருக்கே வந்தது. இடைக்காலத்தில் ரவையின் அமைப்பு மேம்பட்டுவிட்டது. அத்துடன், உதைப்புக் குறைந்த துப்பாக்கியால் பெரும்பாலானோர் விரைவாகவும் சரியாகவும் சுடுகிறார்கள். பெரிய ரவை குறி தவறினால் அதனால் பயனில்லை. .22இல் உதைப்பு மிகக் குறைவு, ஆனால் வலுவும் குறைவு. மூட்டுவாதம் பிடித்த எழுபது வயதுக் கைக்கு 9 மில்லிமீற்றர் பிஸ்டலின் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுப்பதே கஷ்டம்.

அதைவிடப் பெரிய விடயம் எங்கள் வீடுகள். அந்தச் சோதனையில் தேறும் ரவை தசையைப் போன்ற கூழில் குறைந்தது 30 சென்ரிமீற்றர் போகவேண்டும். கிடுகு வேலியும் தகரமும் அதற்கு ஒரு தடையே இல்லை. நெடுந்தீவின் பவளக்கல் மதில் ஒருவேளை தாங்கலாம். வேலணையிலும் புங்குடுதீவிலும் வேலிக்கு அந்தப்பக்கம் அயலவர் படுத்திருப்பார். போர்க்காலத்தில் பங்கர் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996 திருத்தத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துப்பாக்கி அனுமதி மாவட்டச் செயலகத்தினூடாக வருவது. தற்காப்புக்கான பிஸ்டல், றிவோல்வர் பாதுகாப்பு அமைச்சின் கையில். வருடந்தோறும் புதுப்பிக்கவேண்டும். தற்காப்புக்கென்று வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் அமைச்சு அறிவித்தது. பிறகு 2025 ஜனவரி 20 வரை கால நீடிப்புக் கொடுத்தது. உயிர் அச்சுறுத்தலை எழுத்தில் காட்டவேண்டிய இந்த வழியில் குறிகட்டுவானுக்கு அப்பால் வாழும் ஓய்வூதியர் ஒருவர் வெற்றிபெறுவார் என்று நான் யாருக்கும் நம்பிக்கை கொடுப்பதில்லை. அனுமதியில்லாமல் வைத்திருப்பதோ, தமிழருக்கு வெறும் சுடுகலன் வழக்கோடு முடிவதில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமும் பின்னாலேயே வரும். 2022 திருத்தத்துக்குப் பிறகும் தடுப்புக்காவல் உத்தரவு 12 மாதம் வரை போகலாம்.

இடுப்பில் பிஸ்டல் செருகியவர்களைத் தீவகம் நிறையக் கண்டிருக்கிறது. 2001 நவம்பர் 28ஆம் திகதி நாரந்தனையில் கூட்டமைப்பு வேட்பாளர்கள் பிரசாரத்துக்குப் போனபோது தாக்கப்பட்டு இருவர் இறந்தார்கள். மூன்று மாதம் கழித்துக் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8ஆம் பிரிவு, தமிழ் ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை 30 நாட்களுக்குள் களையவேண்டும் என்றது. நாரந்தனை வழக்கில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2016இல்.

விளையாட்டுக்குப் பதில் சுலபம். 4.5 மில்லிமீற்றர் காற்றுப் பிஸ்டலில் தொடங்குங்கள். தூரம் 10 மீற்றர். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். உதைப்பு இல்லாததால் கையின் நடுக்கமும் விசையை இழுக்கும் பிழையும் உடனே அட்டையில் தெரியும். அடுத்தது 25 மீற்றரில் .22. இதற்கு மேலுள்ள போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீற்றர் வரை அனுமதி உண்டு. தேர்ந்தவர்கள் பலர் அங்கும் பெரியதை விட்டு.32 ரவையையே எடுக்கிறார்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. டன்பிளேன் பாடசாலைக் கொலைகளுக்குப் பிறகு பிரித்தானியா 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் தனியார் வாங்கல் விற்றல் நிறுத்தப்பட்டுள்ளது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது காற்றுப் பிஸ்டல்தானே என்று பெட்டியில் வைத்துக் கட்டுநாயக்காவில் இறங்கவும் வேண்டாம்.

ரவையின் அளவை அறிந்திருப்பது எங்களுக்கு அதிகம் உதவக்கூடிய இடம், காணி துப்புரவாக்கும்போதும் கிணறு இறைக்கும்போதும்தான். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுகளில் இறங்கியபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிக்கப்பட்டவர்கள் பலர் திரும்பவில்லை. கிணறுகளில் போட்டு மூடினார்கள் என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். அப்படியான இடத்தில் ஒரு வெற்றுக் கோது கிடந்தால், அதன் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் பொறித்திருக்கும்; அந்த ஆண்டுக்கு முன் அது சுடப்பட்டிருக்க முடியாது. 19 மில்லிமீற்றர் நேர்க்கோது என்றால் பிஸ்டல் அல்லது சிறு இயந்திரத் துப்பாக்கி. 39 மில்லிமீற்றரில் கழுத்து ஒடுங்கியிருந்தால் ஏகே வகை. ஊசி குத்திய தடத்தை வைத்து எந்தத் துப்பாக்கி என்று நிபுணர்கள் ஒப்பிடலாம். கழுவினாலும் சுரண்டினாலும் அந்தத் தடம் கெடும். பித்தளை என்று இரும்புக்காரருக்கு விற்றால் எல்லாம் போய்விடும்.

கண்டால் தொடவேண்டாம், வீட்டுக்கும் கொண்டுவரவேண்டாம். சுடாத ரவையோ வெடிபொருளோ பக்கத்தில் இருக்கலாம். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, கிராம அலுவலரையும் இன்னொருவரையும் சாட்சிக்கு அழைத்து, பொலிசுக்கு அறிவியுங்கள். காணாமற்போனவர் குடும்பம் என்றால், சட்டத்தரணி ஊடாக ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்கும் யாழ்ப்பாணத்திலுள்ள மனித உரிமை ஆணைக்குழு அலுவலகத்துக்கும் அதே நாளில் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள்.