படையாட்சியின் 19 இடங்கள்

"சாதி பாத்துத்தான் ஓட்டுப் போடுறாங்க, கொள்கையாவது ஒண்ணாவது" என்று ஒவ்வொரு தேர்தல் முடிவன்றும் யாராவது என்னிடம் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு 1952 ஞாபகம் வரும்.

அதுவரை சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. வயதுவந்த எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் அது. வட மாவட்டங்களில் எண்ணிக்கையில் பெரியவர்கள் வன்னியர்கள். படிப்பிலும் அரசு வேலையிலும் பின்தங்கியவர்கள். காங்கிரசில் உரிய இடமில்லை என்று தனியாக நின்றார்கள். தென்னாற்காடு, சேலம் பக்கம் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களில் வென்றது. வடாற்காடு, செங்கல்பட்டு பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களில் வென்றது. இரண்டு பெயரிலும் சாதி இல்லை. ஒன்று உழைப்பைச் சொன்னது, மற்றது பொதுநலத்தை.

அந்தத் தேர்தலில் தி.மு.க. நிற்கவில்லை. திராவிட நாடு கோரிக்கைக்கு உறுதிமொழி தந்த வேட்பாளர்களை ஆதரித்தது. இந்த இரு கட்சிகளையும்தான். அடையாளமும் கொள்கையும் ஒரே வண்டியில் போயின.

375 இடங்களில் காங்கிரஸ் பெற்றது 152. ஆட்சிக்கு ஆள் தேவைப்பட்டது. மாணிக்கவேலு ராஜாஜியின் அமைச்சரவைக்குப் போனார். 1954இல் காமராஜர் முதல்வரானதும் படையாட்சியும் அமைச்சரானார். இரண்டு கட்சிகளும் கரைந்துபோயின.

சாதி ஓட்டு தலைவரின் சட்டைப்பையில் இருக்கிறது என்பது உண்மையானால், வட மாவட்டங்கள் மொத்தமாகக் காங்கிரஸ் பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. 1957இல் முதன்முறையாக நின்ற தி.மு.க. காஞ்சிபுரத்திலும் திருவண்ணாமலையிலும் வென்றது. பின்னாளில் அந்த மாவட்டங்கள் அதன் கோட்டையாகவே ஆயின. சாதிச் சங்கம் கற்றுக்கொடுத்த கோபத்துக்குத் 'தமிழன்' என்ற இன்னும் பெரிய பெயர் கிடைத்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் பெரிய பெயர் பழைய கேள்வியைத் தீர்த்துவிடவில்லை. படிப்பிலும் வேலையிலும் எங்க பங்கு எங்கே? 1987இல் வன்னியர் சங்கத்தின் சாலை மறியலாக அது திரும்பி வந்தது; போராட்டத்தில் உயிர்கள் போயின. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டு பாட்டாளி மக்கள் கட்சியும் பிறந்தது. மறுபடியும் சாதியைச் சொல்லாத, உழைப்பைச் சொல்லும் ஒரு பெயர்.

'சாதி ஓட்டு' என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். அந்த ஓட்டு எதைக் கேட்கிறது, கேட்டது கிடைத்ததா என்று பார்ப்பதற்குத்தான் வரலாறு வேண்டியிருக்கிறது.