எறும்பு வளர்த்தோர் வரலாறு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரம் ஒருகாலத்தில் மாடுகளுக்குப் பெயர்போன இடம். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் தெருப்பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன. கெர்பாவ் என்பது எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல். இன்றைய அடுக்குமாடி வீடுகளில் மாட்டுக்கு இடம் ஏது? எனினும் உயிர்களை வளர்க்கும் விருப்பம் மனிதனை விட்டு நீங்குவதில்லை. இந்நகரத்து இளைஞர் சிலர் கண்ணாடிக் குழாய்களில் எறும்பு வளர்க்கின்றனர். “எறும்பை விரட்ட அன்றோ வழி தேடுகிறோம்!” எனப் பெரியோர் நகைக்கக்கூடும். ஆயினும் இது நேற்றுத் தோன்றிய பொழுதுபோக்கு அன்று. எறும்பைப் பற்றிய அரிய உண்மைகள் பல அதனை அருகிருந்து பார்த்தவர்களாலும் வளர்த்தவர்களாலுமே நமக்குக் கிடைத்தன.

அருகிருந்து பார்ப்பதில் நம் முன்னோர் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். மரத்தின் இலைகளை இணைத்துக் கூடு கட்டும் செந்நிற எறும்பை அவர்கள் ‘முயிறு’ என்றனர். இன்று அதனை முசுறு என்கிறோம். நற்றிணையின் 180ஆம் பாட்டில் பலாமரத்து முயிற்றுக் கூட்டை நாரை கலைக்கிறது. உள்ளிருந்து சிதறுவன செந்நெல்லோடு கலந்த வெள்ளரிசி போலத் தோன்றுகின்றன. செந்நிறம் எறும்பு, வெண்ணிறம் அதன் முட்டை. கூட்டின் உள்ளே இருப்பதையும் அறிந்தவனே இவ்வுவமையைப் படைத்திருத்தல் கூடும்.

இதே முயிற்றைத் தென்சீன மக்கள் தொழிலுக்கே பயன்படுத்தினர். 304ஆம் ஆண்டைச் சார்ந்ததாகச் சொல்லப்படும் சீன நூல் ஒன்று, எறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதையும், உழவர்கள் அவற்றை வாங்கி ஆரஞ்சு மரங்களில் வைத்துப் பூச்சிகளை ஒழித்ததையும் கூறுகிறது.

மலாயாவில் இதற்குக் கெரெங்கா என்று பெயர். 1888ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ரிட்லியை ரப்பர் வரலாற்றில் யாவரும் அறிவர். அவரே 1890இல் கெரெங்காவின் பழக்கங்களைப் பற்றியும் எழுதினார். இலைகளை இணைக்கும் நூலை வளர்ந்த எறும்பு நூற்பதில்லை. அது தன் கூட்டத்துப் புழுவை வாயில் கவ்வி, நெசவாளி நாடாவை ஓட்டுவதுபோல் இலைகளுக்கிடையே ஓட்டுகிறது. நூல் புழுவிடமிருந்து வருகிறது. இவ்வுண்மையை முதலில் எழுதி வைத்தோருள் ரிட்லியும் ஒருவர்.

எறும்பை வீட்டுக்குள் கொணர்ந்து ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் ஜான் லப்பக். அவர் வங்கி நடத்தியவர், நாடாளுமன்ற உறுப்பினர். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மண் இட்டு, அதில் எறும்புகளைக் குடியேற்றினார். மனிதக் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரை எறும்பு உணர்கிறது என்று அவர் கண்டார். 1882இல் வெளிவந்த அவர் நூல் பெரும்புகழ் பெற்றது. அவர் வளர்த்த அரசி எறும்பு ஒன்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்தது!

1956இல் அமெரிக்கரான மில்டன் லெவைன் எறும்புப் பெட்டியைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விற்கத் தொடங்கினார். அப்பெட்டியில் அரசி இல்லை. ஆதலின் சில மாதங்களில் குடி அழிந்துபோகும். இன்று வளர்ப்போர் அரசியிலிருந்தே தொடங்குகின்றனர்.

தொடக்கநிலையினர்க்குக் கட்டெறும்பு இனம் ஏற்றது; கடித்து விரட்டும் முயிறு ஏற்றதன்று. மணப்பறப்பு முடிந்து சிறகு உதிர்த்த அரசியை ஒரு சோதனைக் குழாயில் விடுவர். குழாயின் அடியில் நீர் ஊற்றிப் பஞ்சால் அடைத்திருப்பர். வாயையும் பஞ்சால் மூடி இருளில் வைப்பர். அதன்பின் வேண்டுவது பொறுமை ஒன்றே. சிறகை இயக்கிய தசை அரசியின் உடலுக்குள்ளேயே கரைந்து உணவாகிறது. அதனைக் கொண்டே முதற் பிள்ளைகளை அது வளர்த்துவிடுகிறது. வேலைக்கார எறும்புகள் தோன்றிய பின்னரே சர்க்கரை நீரும் இறந்த சிறு பூச்சியும் இட வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘சிங்கப்பூர் எறும்பு’ என ஆங்கிலத்தில் வழங்கும் சிற்றெறும்பு ஒன்று மின்கம்பி உறையையும் கடித்துக் கெடுக்கும். பெயரைக் கண்டு இவ்வூருக்கே உரியது என எண்ண வேண்டா. சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851இல் எழுதிய கட்டுரையிலேயே இதற்கு ‘அழிப்பது’ எனப் பொருள்படும் அறிவியற்பெயர் சூட்டினார். நம்மவரைப் போலவே இதுவும் கப்பலேறி உலகெங்கும் பரவியது. வேற்று நாட்டு எறும்பை வரவழைத்து வளர்ப்பதும், வளர்த்து வெளியே விடுவதும் எத்தகைய தீங்காக முடியும் என்பதற்கு இதுவே போதிய சான்று. புக்கித் தீமா போன்ற இயற்கைக் காப்பகங்களில் அனுமதியின்றி உயிரினங்களை எடுப்பதும் குற்றமாகும். வீட்டருகே கிடைக்கும் உள்ளூர் அரசியே போதும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு சொல். முயிறு, கட்டெறும்பு, சிற்றெறும்பு, பிள்ளையார் எறும்பு என்று நம் மொழி வேறுபடுத்திக் கண்ட பெயர்களெல்லாம் நகரத்துப் பிள்ளைகளின் நாவில் ‘எறும்பு’ என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கி வருகின்றன. பொருளைக் காணாதவனிடம் சொல் நிலைப்பதில்லை. வகுப்பறை மேசையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்குமாயின், அறிவியலும் நற்றிணையும் ஒரே பாடவேளையில் உயிர்பெறும்.