மூவாரின் இரு அமைச்சர்களும் மும்பை மாத்திரையும்

தங்காக் என்றதும் ஜவுளிக் கடைகளும் லேடாங் மலையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எய்ட்ஸ் மருந்தின் வரலாற்றிலும் அந்த வட்டாரத்திற்கு ஓர் இடமுண்டு. 2003ஆம் ஆண்டில் தங்காக் இன்னும் மூவார் மாவட்டத்தின் ஒரு பகுதி. அப்போதைய சுகாதார அமைச்சர் சுவா ஜூய் மெங், மூவாரிலுள்ள பக்ரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். உள்நாட்டு வாணிப அமைச்சர் மொகிதீன் யாசினோ பக்கத்துத் தொகுதியான பாகோவைச் சேர்ந்தவர். இந்த இருவரின் அமைச்சுகளும் சேர்ந்துதான் 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84ஆவது பிரிவைக் கையில் எடுத்தன. பெரும் நிறுவனங்களின் காப்புரிமை நடப்பில் இருக்கும்போதே, மும்பை சிப்லா நிறுவனத்தின் மலிவு விலை மருந்துகளை அரசு மருத்துவமனைகளுக்கு இறக்குமதி செய்ய 2003 நவம்பர் முதல் ஈராண்டுக்கு அனுமதி கிடைத்தது. ஆசியாவில் அன்று அது துணிச்சலான செயல்.

அத்தனை அவசரம் ஏன்?

1986இல் மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டதும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டே சிடோவுடின் என்ற முதல் மருந்து வந்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்த மருந்துக்குக் கிருமி பணிய மறுப்பதை 1989இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இந்தக் கிருமி தன்னைப் படியெடுக்கும்போது ஓயாமல் எழுத்துப்பிழை செய்யும். மெய்ப்புத் திருத்துபவர் இல்லாத பத்திரிகை அலுவலகம் போல, பிழைகள் அப்படியே அச்சேறிவிடும். ஒரு நாளில் கோடிக்கணக்கான படிகள். அவற்றுள் ஏதோ ஒரு பிழை, மருந்துக்குத் தப்பிக்கும் வழியாக அமைந்துவிடுகிறது. லாமிவுடினுக்கு ஒரே ஒரு பிழை போதும். ஒரே நேரத்தில் மூன்று மருந்துகள் பாய்ந்தால் மூன்றுக்கும் தப்புவது கடினம். 1996 முதல் உலகம் கடைப்பிடித்த வழி இதுதான்.

மூன்றையும் வாங்க முடியாதவர் என்ன செய்வார்? இரண்டை வாங்குவார், பணமில்லாத மாதம் நிறுத்துவார். அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி அவர் உடலிலேயே பெருகும், பிறருக்கும் தொற்றும். ஆகவே விலைக் குறைப்பைக் கருணையாக மட்டும் பார்ப்பது தவறு. அது மருந்தின் ஆயுளைக் காக்கும் வழியும்கூட. ஒரு நோயாளிக்கு மாதம் சராசரி 315 அமெரிக்க டாலராக இருந்த செலவு 58 டாலராக இறங்கியது. காப்புரிமை நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. சிகிச்சை பெறக்கூடியவர்கள் 1,500 பேரிலிருந்து 4,000 ஆக உயர்ந்தனர்.

விலை இறங்கினாலும் வெட்கம் இறங்கவில்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த சிற்றூரில் மாத்திரைப் போத்தலை ஒளித்து வைப்பவருக்கு, வீட்டில் விருந்தாளி வந்தாலே ஒரு வேளை தவறிவிடும். விலைப்பட்டியல் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

அன்று வந்த டிடானோசின் பக்கவிளைவுகளால் வழக்கொழிந்துவிட்டது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த டோலுட்டெக்ராவிர், எதிர்ப்பாற்றல் எளிதில் உருவாகாத மருந்து. அதற்கும் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், கிருமி கட்டுப்படாத நிலையிலேயே பழைய மருந்திலிருந்து மாற்றப்பட்ட நோயாளிகளிடையே சில இடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் எதிர்ப்பாற்றல் காணப்பட்டது.