துயரமும் ஒரு பிணியே

கல்வராயன் மலையடிவாரத்து ஊராகிய வடக்கனந்தலில் ஒருவர் காய்ச்சலுற்றால், வீட்டார் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்வர். அதே மனிதர் உறக்கமிழந்து, உணவை வெறுத்து, வாரக்கணக்கில் பேச்சொடுங்கிக் கிடந்தாலோ, 'ஈமான் பலவீனம்' என்பார் ஒருவர். 'செய்வினை' என்பார் மற்றொருவர். நம் ஊர்கள் எங்கும் இதே நிலைதான். நம் முன்னோர் இவ்வாறுதான் கருதினரா? வரலாறு வேறு விதமாகப் பகர்கிறது.

கி.பி. 850இல் பல்கு நகரை அடுத்த சிற்றூரில் பிறந்து 934இல் மறைந்தவர் அபூஸைத் அல்-பல்கீ. தத்துவ மேதை அல்-கிந்தியிடம் பயின்றவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் அவரது நூலின் முற்பகுதி உடல்நலத்தையும், பிற்பகுதி உள்ளநலத்தையும் ஆராய்கிறது. மருத்துவர்கள் உடலை மட்டும் கவனித்து உள்ளத்தை மறந்தனர் என்பது அவரது குறை. துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். உற்றாரின் மரணம், பொருளிழப்பு போன்ற அறிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணம் புலப்படாமல் உடலின் கோளாற்றால் எழுவது மற்றொன்று. முன்னதற்கு ஆறுதல் மொழியும் நற்சிந்தனையும் மருந்து. பின்னதற்கு உடலுக்கும் சிகிச்சை வேண்டும் என்றார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளர்க்கும் இடமிருந்தது.

இத்தகைய மரபுக்கு உரிய நாம் எங்கு வந்து நின்றோம்? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தனியார் காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். பல சமயத்தாரும் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களைக் கொன்றது தீ மட்டுமன்று. நோயை நோயென்று ஏற்காத நம் அறியாமையும்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடுத்துவிட்டது.

மனச்சோர்வின் காரணங்களை இன்றைய மருத்துவம் மேலும் விளக்குகிறது. பரம்பரைக் கூறு, தைராய்டுக் குறைவு, பிரசவத்திற்குப் பிந்தைய மாற்றம், நீடித்த நோய், கடன், தனிமை ஆகியவை தனித்தும் கூடியும் அதனைத் தோற்றுவிக்கும். இரண்டு வாரங்களுக்கு மேலும் சோர்வு நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். மருந்து பலன்தரச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது. முறையான உறக்கம், நடை, மனம்விட்டுப் பேச ஒரு துணை ஆகியவை பெரிதும் உதவும். கள்ளக்குறிச்சியிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலோ, ஒரு நொடியும் தாமதியாது உதவி தேடுக. அவரைத் தனியே விடற்க.

மகனைப் பிரிந்து அழுதே பார்வையிழந்த யஃகூப் நபி (அலை) அவர்களை ஈமான் குறைந்தவர் என்போமா? கதீஜா நாயகி (ரலி) அவர்களையும் அபூதாலிபையும் இழந்த ஆண்டு, நம் பெருமானாரின் (ஸல்) வரலாற்றில் 'துயர ஆண்டு' என்றே பெயர் பெற்றது. துஆ கேட்கும் கரங்களே மருந்தையும் எடுத்துக் கொடுக்கட்டும். நம் வீட்டு மூலையில் மௌனமாய் அமர்ந்திருப்பவரிடம் இன்று நாம் கேட்க வேண்டியது, 'ஏன் இப்படி இருக்கிறாய்?' என்பதன்று, 'வா, நானும் உடன் வருகிறேன், மருத்துவரைப் பார்ப்போம்' என்பதே.