காலுக்குத் தெரியாத பயிற்சி

எம்மன்புரூக்கேயில் எங்கள் வீட்டுப் பல்கனியில் நின்றால், எம்மன் இராணுவ விமானத்தளத்திலிருந்து எழும்பும் ஜெட் விமானங்கள் தெரியும். இரைச்சல் கேட்டதும் அம்மா அடுப்பை நிறுத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பா. "பயிற்சிதானே அம்மா" என்றால், "எனக்குத் தெரியும் மோனை, காலுக்குத்தான் தெரியேல்லை" என்பா.

இந்தப் பயத்தை நம்பித்தான் மூலோபாயக் குண்டுவீச்சு என்ற கோட்பாடே பிறந்தது. முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குள் ஒரு தலைமுறையே அழிந்ததைக் கண்ட இத்தாலிய ஜெனரல் யூலியோ தூவே, 1921இல் வான் ஆதிக்கம் பற்றித் தன் நூலை எழுதினார். படைகளைத் தாண்டிப் பறந்து நகரங்களைத் தாக்கினால், மக்களே போரை நிறுத்தச் சொல்லி அரசை நெருக்குவார்கள். போர் விரைவில் முடியும் என்பது அவர் கணக்கு. பிரித்தானிய வான்படைத் தளபதி ட்ரென்சார்டும் குண்டின் பொருட்சேதத்தை விட மனப்பாதிப்பு 20 மடங்கு பெரிது என்றார். 1942 பெப்ரவரி 14 அன்று பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைக்கு வந்த கட்டளை, எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளரின், மனவுறுதியையே இலக்காக்கியது.

1943 யூலையில் ஹம்பேர்க் எரிந்தது. 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனாலும் யேர்மனியின் ஆயுத உற்பத்தி உச்சத்தைத் தொட்டது 1944இல்தான். எண்ணெய் ஆலைகளையும் ரயில்பாதைகளையும் தாக்கியது பின்னர் பலன் தந்தது உண்மை. மக்கள் எழுச்சி மட்டும் வரவேயில்லை.

நடுநிலை நாடும் தப்பவில்லை. 1944 ஏப்ரல் 1 அன்று, யேர்மனியின் லூட்விக்ஸ்ஹாபனைத் தேடிவந்த அமெரிக்க விமானங்கள் வழிதவறி, இங்கிருந்து வடக்கே உள்ள ஷாஃப்ஹவுசன் மீது குண்டுகளைக் கொட்டின. 40 பேர் இறந்தனர். அமெரிக்கா பின்னர் நட்டஈடு கொடுத்தது.

எங்களுக்கு மேலே பறந்தவை சில விமானங்கள்தான். படைத்துறை நூல்கள் அதை மூலோபாயம் என்று சொல்லாமலிருக்கலாம். ஆனால் கீழே இருந்தவர்களுக்குக் கணக்கு ஒன்றுதான். 1990இல் முற்றத்தில் பங்கர் வெட்டிப் பனங்குற்றி அடுக்கினோம். சகடையா, பொம்மரா என்று அம்மா சத்தத்திலேயே சொல்லுவா. பொம்மர் போனதும் உலை வைப்பா. நாங்கள் பள்ளிக்கூடம் போவோம். 1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று நாங்கள் பயந்தோம். பயந்தபடியே காயப்பட்டவர்களைத் தூக்கினோம்.

பயமும் பணிவும் ஒன்றென்று எண்ணியதே தூவேயின் பிழை. பயந்த மனிதர் அரசோடு சண்டைக்குப் போவதில்லை; பிள்ளையை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்குகிறார். போர் முடிந்தாலும் பயம் முடிவதில்லை என்பதையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

போன கிழமை என் மகள், "சகடை எண்டால் என்ன அம்மம்மா?" என்று கேட்டாள். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தா. இந்த முறை வானத்தில் விமானம் எதுவும் இல்லை.