'பன்னீர் புஷ்பங்கள்' படத்தின் ஆசிரியர்

பள்ளிப் பருவக் காதலைச் சொல்லும் திரைப்படம் என்றாலே பெற்றோர் முகம் சுளிப்பர். ஆசிரியர்களாகிய நாமும் சங்கடப்படுவோம். 1981ஆம் ஆண்டு வெளிவந்த 'பன்னீர் புஷ்பங்கள்' உருவான வரலாற்றை அறிந்தால் அச்சுளிப்பு சற்றுக் குறையும் என எண்ணுகிறேன்.

இயக்குநர் ஸ்ரீதரிடம் பயின்ற சந்தான பாரதியும் பி. வாசுவும் 'பாரதி-வாசு' என்னும் பெயரில் இணைந்து இயக்கிய முதற்படம் இது. அப்போது இருவரும் முப்பதை ஒட்டிய இளைஞர்கள். வாசுவின் தந்தையார் பீதாம்பரம், எம்.ஜி.ஆருக்கு ஒப்பனை செய்தவர். பின்னாளில் இருவரும் தனித்தனியே இயங்கினர். 'மகாநதி' (1994) பாரதியுடையது. 'சந்திரமுகி' (2005) வாசுவுடையது. இவ்விரண்டையும் பார்த்தவர்கள், இவர்கள் ஒரு காலத்தில் ஒரே படத்தை இயக்கினர் என்பதை எளிதில் நம்பமாட்டார்கள்!

நாயகன் சுரேஷுக்கு இதுவே முதற்படம். நாயகி சாந்தி கிருஷ்ணா, பின்னர் 'பாட்ஷா'வை (1995) இயக்கிய சுரேஷ் கிருஷ்ணாவின் உடன்பிறந்தவர்.

என் கவனம் செல்வதோ படத்தில் வரும் ஆசிரியர்மீது. பள்ளிக் காதல் கதைகளில் ஆசிரியர் பெரும்பாலும் பிரம்பு ஏந்தியவராகவோ கேலிக்குரியவராகவோதான் வருவார். இங்கோ அவர் பரிவோடு செவிமடுப்பவர். அப்பாத்திரத்தை ஏற்றவர் பிரதாப் போத்தன் (1952-2022). கதை நிகழ்வது உதகைப் பள்ளியில். பிரதாப்போ அம்மலையிலேயே, லவ்டேல் லாரன்ஸ் உறைவிடப் பள்ளியில் பயின்றவர். பெற்றோரைப் பிரிந்து விடுதியில் வளரும் பிள்ளைகளின் தனிமையை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது. முந்தைய ஆண்டில்தான் 'மூடுபனி'யில் மனம் பிறழ்ந்த கொலைகாரனாக நடித்திருந்தார். அவரையே பிள்ளைகள் நம்பும் ஆசிரியராக்கியது துணிவுதான்.

இசை இளையராஜா. உமா ரமணன் பாடிய 'ஆனந்த ராகம்' பலர் நினைவில் நிற்பது. நமக்கு நெருக்கமானது 'கோடைக்காலக் காற்றே'. அதைப் பாடியவர் மலேசியா வாசுதேவன் (1944-2011). இம்மண்ணில் பிறந்து, திரைக்கனவோடு சென்னை சென்று, '16 வயதினிலே' (1977) படத்தால் புகழ்பெற்றவர். பெயரிலேயே நாட்டைச் சுமந்த அவரை, ஷா ஆலமில் என்னிடம் பயிலும் மாணவர் பலர் அறியார். பெற்றோரே, இப்பாடலை வீட்டில் ஒருமுறை ஒலிக்கவிட்டு, பாடுபவர் யாரெனப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.